மஃரிப் எட்டு மணிக்கு

கல்முனையில் தொழுகை நேரம் பெரிதாக அசைவதில்லை. ஆண்டு முழுக்கப் பார்த்தாலும் மஃரிப் பாங்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரத்துக்குள்தான் முன்பின் போகும். அப்படி ஓர் ஊரில் வளர்ந்த மாணவன், மொழிப் பயிற்சிக்கென்று ஜூன் மாதத்தில் சீனாவின் சீஆன் நகரத்துக்குப் போனால், முதலில் பொழுதுதான் அவனைத் தடுமாற வைக்கும். அத்தனை பெரிய நாட்டுக்கும் பெய்ஜிங்கின் நேரம் ஒன்றே. மேற்கே தள்ளிக் கிடக்கும் சீஆனில் சூரியன் அடையும்போது மணி எட்டைத் தொட்டிருக்கும். இஷா தொழுது படுக்கப் பத்தாகிவிடும்.

மஃரிபுக்கு அவன் உளூ செய்யும் நேரத்தில் ஊரில் மணி ஐந்தரை. அசர் முடித்து உம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பார். வட்ஸ்அப் அங்கே சாதாரணமாக இயங்காது என்பதால், போகிற பிள்ளைகள் வீட்டுப் போனில் வீசாட் போட்டுக் கொடுத்துவிட்டே புறப்படுவார்கள். கோல் எடுத்ததும் எந்த உம்மாவும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "சாப்பாடு ஹலால்தானே, மகன்?"

சீஆனில் அதற்குத் தயங்காமல் பதில் சொல்லலாம். 1380இல் கட்டிய முரசு கோபுரத்துக்குப் பின்னால் ஹூய் முஸ்லிம்களின் பழைய குடியிருப்பு இருக்கிறது. தெரு முழுக்க வெள்ளைத் தொப்பிகள், ஆட்டிறைச்சி வாசம். அங்கே 'பாவ்மோ' கேட்டால், முதலில் ஒரு கிண்ணமும் கையளவுக் கெட்டி ரொட்டியும் மட்டும் மேசைக்கு வரும். அந்த ரொட்டியைச் சாப்பிட வந்தவரே கிள்ளிப் போட வேண்டும், சோயா விதை அளவுக்குச் சின்னதாக. அவசரப்பட்டுப் பெரிதாகப் பிய்த்தால் சாறு உள்ளே இறங்காது. விரல் நுனி காந்தும்வரை கிள்ளி முடித்த பிறகு கிண்ணம் திரும்பவும் அடுப்படிக்குப் போகும். ஆட்டிறைச்சிச் சாற்றில் கொதித்து, மேலே இறைச்சித் துண்டுகளோடு வரும். தொட்டுக்கொள்ள ஊறவைத்த வெள்ளைப்பூண்டும் மிளகாய் விழுதும். பக்கத்து மேசை முதியவர்களும் கிள்ளிக்கொண்டே பேசுவார்கள். மொழி தெரியாத பிள்ளைக்கும் அந்த மேசையில் செய்ய ஒரு வேலை இருக்கிறது. ஸலாம் சொன்னால் பதில் ஸலாம் வரும்.

வகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காலையில் நான்கு தொனிகளை உரத்த குரலில் பயிலுவது, மதியம் எழுத்துகளைக் கோடு கோடாக எழுதிப் பழகுவது, நடுவில் எல்லாரும் சுடுதண்ணீர்க் குடுவையோடு அலைவது. படிப்பு கடினம்தான், ஆனாலும் அதற்கு ஆசிரியர் இருக்கிறார்.

ஆசிரியர் தேவைப்படாத பாடம் பெரிய பள்ளிவாசலில் கிடைக்கிறது. இப்போதுள்ள கட்டடங்களில் பெரும்பாலானவை மிங் அரச காலத்தில், 1392 முதல் எழுந்தவை. குவிமாடம் இல்லை, நம்மூரில் பார்க்கிற மினாராவும் இல்லை. வளைந்த கூரை, நீல ஓடுகள், முற்றத்துக்குப் பின் முற்றம். சீனக் கோயில்கள் தெற்கு நோக்கி அமையும். இந்த வளாகமோ கிழக்கிலிருந்து மேற்காக நீள்கிறது, கிப்லா மேற்கே இருப்பதால். கல்முனைப் பிள்ளைக்கு அந்தத் திசை புதிதல்ல, கடலுக்கு முதுகு காட்டி மேற்கே பார்த்துத்தானே அவன் தொழுது பழகியவன். தொழுகை மண்டபச் சுவர்களில் குர்ஆன் முழுவதும் மரப்பலகைகளில் செதுக்கப்பட்டிருக்கிறது. பள்ளிவாசல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று மனதில் வைத்திருந்த படம் அங்கே விரிகிறது. பயணத்தின் ஆகப்பெரிய பயன் அதுவே என்று சொல்லத் தோன்றுகிறது.

அங்கும் எல்லாம் இனிப்பாக இல்லை. அண்மை ஆண்டுகளில் சீனாவின் பல நகரங்களில் ஹலால் கடைப் பலகைகளிலிருந்து அரபு எழுத்தும், பள்ளிகளிலிருந்து குவிமாடங்களும் அகற்றப்பட்டன. இலங்கைப் பிள்ளைக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2013இல் ஹலால் முத்திரைக்கு எதிராகப் பிரசாரம் கிளம்பி, அதை வழங்கிவந்த ஜம்இய்யத்துல் உலமா உள்ளூர்ப் பொருட்களிலிருந்து விலக்கிக்கொள்ள நேர்ந்ததை வீட்டில் வாப்பா பேசக் கேட்டிருப்பான். சிறுபான்மையாக வாழ்கிறவர்கள் எதை விட்டுக்கொடுக்கிறார்கள், எதைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்பதை இன்னொரு நாட்டில் கண்ணால் பார்ப்பது பதினெட்டு வயதுக்குப் பெரிய படிப்பு.

இந்த நகரத்துக்கும் நம் தீவுக்கும் உறவு பழையது. சீஆன் அப்போது சாங்ஆன். 399இல் அங்கிருந்து கிளம்பிய பௌத்தத் துறவி பாகியன், பல ஆண்டுகள் அலைந்து அனுராதபுரத்துக்கு வந்து இரண்டாண்டு தங்கினார். புத்தர் சிலை முன் யாரோ வணிகர் காணிக்கையாக வைத்த சீன வெண்பட்டு விசிறியைக் கண்டதும் ஊர் நினைவில் அழுதுவிட்டதாகத் தாமே எழுதிவைத்தார். சீஆனின் இன்னொரு பள்ளிவாசலில் உள்ள கல்வெட்டு, 1413இல் கடற்படைத் தளபதி செங் ஹே வந்து ஹசன் என்ற இமாமை மொழிபெயர்ப்புக்கு அழைத்துப் போனதைச் சொல்கிறது. செங் ஹே முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர்.

அதற்கு முன்பே, 1409 என்று தேதியிட்டு, அவர் இலங்கைக்குக் கொண்டுவந்த கல்லில் மூன்று மொழிகள்: சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தென்தேவேந்திர முனையின் தேனாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு. 1911இல் காலி நகரத்தில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தபோது கண்டெடுத்தார்கள். இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல்முனைப் பாடசாலைகள் கொழும்புச் சுற்றுலாவுக்கு பஸ் எடுக்கும்போது, மிருகக்காட்சிசாலைக்கு ஒதுக்கும் நேரத்தில் அரை மணியை அந்தக் கல்லுக்குக் கொடுக்கலாம். தமிழ்ப் பகுதி எது, பாரசீகப் பகுதி எது என்று சமூகக் கல்வி ஆசிரியர் விரல் வைத்துக் காட்டலாம்.