காரைக்காலில் மலை ஏறினேன்!

நம் வீட்டுப் பெண்கள் ஓடாத நாள் உண்டா? பால் பொங்கினால் ஓடுகிறோம். குக்கர் கூவினால் ஓடுகிறோம். பள்ளிக்கூட வேன் தெருமுனையில் ஹார்ன் அடித்தால், ஒரு கையில் டிபன் டப்பாவும் மறு கையில் குழந்தையின் பாதி பின்னிய சடையுமாக ஓடுகிறோம். இதையெல்லாம் யாரும் ஓட்டத்தின் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் கையில் ஒரு பையும் இல்லாமல், ஒரு காரியமும் இல்லாமல், காலை ஐந்தரை மணிக்கு ஒரு பெண் தெருவில் ஓடிப் பார்க்கட்டும்! திண்ணையில் பேப்பர் படிப்பவர் எழுந்து நின்றுவிடுவார். கோலம் போடுகிறவளுக்குப் புள்ளி தவறிப் போகும். "ஐயையோ, யாருக்கு என்ன ஆச்சு?" என்ற கேள்வி நாலு வாசல்களிலிருந்து ஒரே சமயத்தில் புறப்படும்.

சென்னைக் கடற்கரையில் இந்தக் கேள்வி ஓய்ந்துவிட்டது. காரைக்காலில் இன்னும் ஓயவில்லை என்பதை, அத்தை வீட்டில் பத்து நாள் தங்கியபோது தெரிந்துகொண்டேன். முதல் நாள் நான் பாதரட்சையின் கயிற்றைக் கட்டும்போதே அத்தை கேட்டாள்: "ஏண்டி, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கே?" எந்த பஸ்ஸையும் பிடிக்கப் போவதில்லை, ஓடிவிட்டுத் திரும்பி வரப் போகிறேன் என்றேன். "திரும்பி இங்கேயே வருவதற்கு ஓடுவானேன்?" என்றாள் அத்தை. தர்க்க சாஸ்திரம் படித்தவர்கள்கூட இதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

ஓடுகிறவர்களுக்குக் காரைக்கால் நல்ல ஊர். 1739-ம் ஆண்டு தஞ்சை மராத்திய அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954-ல் இந்தியாவோடு சேர்ந்த இந்த ஊர், இன்றும் புதுச்சேரிக்குச் சொந்தம். சுற்றிலும் இருப்பதோ தமிழ்நாடு. கொஞ்சம் வேகமாக ஓடினால் காலைச் சிற்றுண்டிக்குள் மாநில எல்லையைத் தாண்டிவிட்டு வரலாம்! வேறு எந்த ஊரில் இந்தப் பெருமை கிடைக்கும்?

பாதைகளைச் சொல்கிறேன். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு அம்மையார் கோயில் குளத்தைச் சுற்றுவதே போதும். மூச்சு வாங்கினால் உட்காரப் படிக்கட்டு உண்டு. பிரதட்சிணம் செய்கிறாள் என்று எண்ணி யாரும் கேள்வியும் கேட்க மாட்டார்கள். அடுத்த பாதை அரசலாற்றங்கரை. ஊரிலிருந்து ஆற்றின் ஓரமாகவே போகிற சாலை, சுமார் இரண்டு கிலோமீட்டரில் கடலில் கொண்டு சேர்க்கும். காவிரியின் கிளைகளில் ஒன்றான அரசலாறு கடலோடு கலக்கிற இடத்தில், சூரியன் தண்ணீரிலிருந்து எழுந்து வருகிற காட்சியைப் பார்த்தவர்கள் கால் வலியை மறந்துவிடுவார்கள். இந்தச் சாலையில்தான் சிவப்புத் தொப்பி அணிந்த போலீஸ்காரர் ஒருவர் என்னை நிறுத்தி, "யாராவது துரத்துகிறார்களா அம்மா?" என்று அக்கறையோடு விசாரித்தார். இல்லை என்றதும் அவர் முகத்தில் ஒரு சிறிய ஏமாற்றம்!

மூன்றாவது பாதை மேற்கே, திருநள்ளாறு வரை. ஐந்து கிலோமீட்டர், வாய்க்காலும் நெல் வயலும் கூடவே வரும். சனிக்கிழமை மட்டும் வேண்டாம். சனீசுவரனைத் தேடி வருகிற கார்களுக்கும் பஸ்களுக்கும் நடுவே ஓட்டம் நடக்காது.

எல்லாம் சரி, ஒரு குறை. ஓட்டக்காரர்கள் மேடு ஏறி இறங்கினால்தான் கால் பலப்படும் என்கிறார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்களுக்கு அது வாசலிலேயே கிடைக்கும். டெல்டாவில் மேட்டுக்கு எங்கே போவது? காவிரி ஆயிரக்கணக்கான வருஷங்களாக வண்டலைக் கொட்டிப் பலகை போல இழைத்து வைத்திருக்கிற பூமி இது.

மலையே இல்லாத இந்த ஊர்தான் அம்மையாரைப் பெற்றது. வணிகர் குலத்தில் புனிதவதியாகப் பிறந்து, மாங்கனி அற்புதத்தால் கணவன் மிரண்டு விலக, பேயுருவம் வேண்டிப் பெற்று, கயிலை மலையில் கால் வைக்கக் கூசித் தலையாலேயே ஏறிப் போனார் என்பது புராணம். ஆனி மாதத்தில் நடக்கும் மாங்கனித் திருவிழாவில் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் அதைப் பிடிக்க முண்டியடிப்பார்கள். அறுபத்துமூவர் சந்நிதிகளில் மற்ற நாயன்மார்கள் நின்றுகொண்டிருக்க, அம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவ்வளவு தூரம் போனவர் சற்று உட்காரட்டுமே!

மலைக்குப் பதில் காரைக்காலில் இருப்பவை 'மேடு'கள். கடற்கரையோடு வரிசையாக ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, கோட்டுச்சேரிமேடு. கடலும் காற்றும் சேர்ந்து குவித்த மணல் திட்டுகள். வயலை விடச் சில அடிதான் உயரம். ஆனால் தளர்ந்த மணலில் ஏறிப் பாருங்கள், தெரியும். கெட்டித் தரையில் ஓடுவதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். கேரளத்தில் பி. டி. உஷாவைப் பய்யோலிக் கடற்கரை மணலில்தான் பயிற்சியாளர் நம்பியார் ஓடவைத்தார். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் அவருக்கு வெண்கலம் தப்பியது. அதே ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதன்முதலாக மாரத்தான் ஓட்டம் வைத்தார்கள். அதற்கு முன்னால்? 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் 800 மீட்டர் ஓடிக் களைத்ததைப் பார்த்துப் பதறி, 1960 வரை அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். ஆண்கள் ஓடிக் களைத்தால் வீரம்; பெண்கள் களைத்தால் விபரீதம்! "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பது நம் தெரு மட்டுமல்ல என்று தெரிந்து எனக்குச் சற்று ஆறுதல்.

ஐந்தாவது நாள் கடலோரமாக வடக்கே போனேன். ஈர மணல் கெட்டியாக இருந்தது. படகுகள் வந்து ஒதுங்குகிற இடத்தில், கூடையோடு காத்திருந்த ஓர் அம்மாள் என்னைக் கூப்பிட்டாள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

"ஏம்மா, தெனம் ஓடுறியே, எதுக்கு?"

"சும்மாதாம்மா. உடம்புக்கு நல்லது."

"சும்மா ஓடக் குடுத்து வச்சிருக்கே" என்றாள் அவள். "நாங்க ஒரே ஒரு நாள்தான் ஓடினோம். அன்னிக்கும் ஓடத் தெரியல்லே. புடவை காலைச் சுத்திக்கிச்சு."

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கரையில் யாரும் கேட்க வேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவின் பக்கம் கடலடியில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை ஆறரை மணி சுமாருக்கு. அலை இந்தக் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் "ஓடுங்கள்" என்று சொல்ல அன்று ஓர் ஏற்பாடும் இல்லை. (ஹைதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் 2007-ல்தான் வந்தது.) காரைக்காலில் நூற்றுக்கணக்கானோர் போனார்கள். பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்தின் அரசாங்கக் கணக்கில் இறந்த ஆண்கள் 1,883; பெண்கள் 2,406. அலைக்கு ஆண் பெண் வித்தியாசம் ஏது? வித்தியாசம் நம் வாழ்க்கையில் இருந்தது. ஆண்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள்; அங்கே சுனாமி படகுக்கு அடியில் தெரியாமலே நழுவிப் போய்விடும். பெண்கள் கரையில் மீனுக்காகக் காத்திருந்தார்கள். குடிசையில் குழந்தைகளோடு இருந்தார்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று இழுத்துக்கொண்டு எத்தனை தூரம் ஓட முடியும்?

ஓடத் தெரிந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பலமாக ஓடியவர்களும் போனார்கள். ஆனாலும் பன்னிரண்டு வயதானதும், "பொம்பளைப் பிள்ளை, மெதுவாக நட" என்று சொல்லத் தொடங்குகிறோமே, அந்த வார்த்தை அன்றைக்கு எத்தனை கால்களில் சுற்றிக்கொண்டதோ என்று மட்டும் அந்த மணலில் நின்று யோசித்தேன். அவசரத்துக்கு ஓட வேண்டுமானால், அவசரம் இல்லாத நாட்களில் சும்மா ஓடிப் பழகியிருக்க வேண்டும் அல்லவா? அத்தையின் கேள்விக்கு எனக்கு அப்போதுதான் பதில் கிடைத்தது.

ஆகவே சகோதரிகளே, ஆரம்பிக்க எண்ணுகிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. முதல் வாரம் ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை என்று மாற்றி மாற்றிப் போங்கள். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும்; பேச்சு நமக்குப் புதிதா என்ன? கடற்கரை ஒரு பக்கம் சரிவானது. போன வழியே திரும்பி வந்தால்தான் இரண்டு கால்களும் சமமாக உழைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை என்றால் கரைப் பக்கமே போக வேண்டாம். தை, மாசியில் ஆமைகள் முட்டையிட வரும் காலம், கவனித்து ஓடுங்கள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் அந்த அம்மாள் தன் பேத்தியைக் கையில் பிடித்தபடி நின்றாள். பத்து வயதிருக்கும். "இவளையும் கூட்டிட்டுப் போ. சும்மா ஓடட்டும்" என்றாள். என் காலில் நாலாயிரம் ரூபாய்ப் பாதரட்சை. மணிக்கட்டில் நாடித்துடிப்பை எண்ணுகிற கடிகாரம். அவள் காலில் ஒன்றுமில்லை. தளர்ந்த மணலில் நான் தடுமாறி ஏறிக்கொண்டிருக்கையில், அவள் எப்போதோ மேட்டின் உச்சிக்குப் போய்விட்டாள். அங்கே நின்று, பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, "சீக்கிரம் வாங்கக்கா!" என்று கத்தினாள்.