ஹெட்போன் மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டலாமா?



"பைக் ஓட்டும்போது காதுல ஹெட்போன் இருந்தா போலீஸ் பிடிக்குமா?" எங்கள் வகுப்பில் பத்து பேரைக் கேட்டால் பத்து பதில் வரும். "ஆயிரம் ரூபா ஃபைன்" என்பான் ஒருத்தன். "ஒரு காதுல மட்டும் மாட்டினா ஒண்ணும் பண்ண முடியாது" என்பாள் இன்னொருத்தி. "ஹெல்மெட்டுக்குள்ள இருக்கு, எவனுக்குத் தெரியப் போகுது" என்பான் மூன்றாமவன். பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். வணிகச் சட்டம் பேப்பர் படித்ததிலிருந்து யார் எதைச் சொன்னாலும் "எந்தப் பிரிவு?" என்று கேட்கிற வியாதி வந்துவிட்டது :-) அதனால் உட்கார்ந்து தேடிப் படித்தேன். படித்ததும் எனக்குத் தோன்றியதும் கீழே.

முதலில் சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ஆம் வருடத்தது. 2019-ல் அதில் பெரிய திருத்தம் வந்தது. ஆபத்தான முறையில் வண்டி ஓட்டுவதைப் பற்றிப் பேசுவது 184-வது பிரிவு. எதெல்லாம் ஆபத்தான ஓட்டுதல் என்று அந்தத் திருத்தத்தில் ஒரு பட்டியல் சேர்த்தார்கள். சிவப்பு விளக்கைத் தாண்டுவது, எதிர்த் திசையில் வருவது, இவற்றோடு "கையில் பிடித்துப் பயன்படுத்தும் தகவல் தொடர்புக் கருவி" என்று ஒன்று. முதல் முறை மாட்டினால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்குள் மறுபடி மாட்டினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2020 அக்டோபரில் விதிகளில் ஒரு சலுகையும் வந்தது. கவனம் சிதறாத வகையில் வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம்.

இப்போது அந்த வார்த்தையைத் திரும்பப் படியுங்கள். "கையில் பிடித்து". இந்தப் பட்டியலில் ஹெட்போன் என்ற சொல்லே கிடையாது. காதில் ப்ளூடூத்தை மாட்டிக்கொண்டு, இரண்டு கையும் ஹேண்டில்பாரில் வைத்துக்கொண்டு பேசுகிறவர் "நான் கையில பிடிக்கவே இல்லையே சார்" என்று வாதாடலாம். வகுப்பில் ஆளுக்கொரு பதில் வருவதற்குக் காரணம் இந்த ஓட்டைதான்.

ஆனால் பட்டியலின் கடைசி வரியையும் பாருங்கள். திறமையும் கவனமும் உள்ள ஓட்டுநரிடம் எதிர்பார்க்கிற தரத்துக்கு மிகவும் கீழே இருந்து, அது ஆபத்து என்று அப்படிப்பட்ட ஓட்டுநருக்குப் பளிச்சென்று தெரியுமானால், அதுவும் ஆபத்தான ஓட்டுதல்தான். அதாவது ஹெட்போனோடு போய் எதிலாவது இடித்த பிறகு, "சட்டத்தில் ஹெட்போன்னு இல்லையே" என்ற வாதம் உங்களைக் காப்பாற்றும் என்று நிச்சயமாக நம்ப முடியாது.

நீதிமன்றமே இதில் இழுபட்ட கதையும் உண்டு. 2018-ல் கேரள உயர் நீதிமன்றம், வண்டி ஓட்டிக்கொண்டே போனில் பேசுவது பொதுமக்களுக்கு ஆபத்து ஏற்படுத்தினால் தவிர, அதனாலேயே கேரளப் போலீஸ் சட்டப்படி குற்றம் ஆகாது என்று சொன்னது. அடுத்த வருடம்தான் மேலே சொன்ன திருத்தம் வந்தது. திருத்தம் கையைப் பிடித்தது, காதை விட்டுவிட்டது.

வெளிநாட்டில் எப்படி?

பிரான்சில் 2015 ஜூலை 1 முதல் ஓட்டும்போது காதில் எதையும் மாட்டிக்கொள்ளக் கூடாது. சைக்கிளுக்கும் சேர்த்துத்தான். அபராதம் 135 யூரோ. காது கேட்கும் கருவிக்கு மட்டும் விலக்கு. கலிபோர்னியாவில் இரண்டு காதையும் மூடக் கூடாது, ஒரு காது சரி. பிரிட்டனில் ஹெட்போனுக்கென்று தனிச் சட்டமே இல்லை. ஆனால் கவனக்குறைவாக ஓட்டினால் அந்தக் குற்றத்தில் போட்டுவிடலாம். ஜெர்மனியில் உங்கள் செவித்திறன் பாதிக்கப்படக் கூடாது, அவ்வளவுதான் கேள்வி. ஒரே பொருள், நாலு ஊரில் நாலு சட்டம். ஆகவே சட்டப் புத்தகத்தை மட்டும் பார்த்து இது பாதுகாப்பா என்று முடிவு செய்ய முடியாது.

பாட்டா, பேச்சா?

நான் படித்ததில் என்னை யோசிக்க வைத்தது இதுதான். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் என்ற உளவியல் பேராசிரியர் 2001-ல் வெளியிட்ட ஆய்வு. ஓட்டுவது மாதிரியான ஒரு வேலையைக் கொடுத்து, நடுநடுவே சிக்னல் காட்டியிருக்கிறார்கள். போனில் பேசிக்கொண்டிருந்தவர்கள் தவறவிட்ட சிக்னல்கள் இரண்டு மடங்கு ஆனது. போன் கையில் இருந்தாலும் ஹேண்ட்ஸ்ஃப்ரீ ஆனாலும் வித்தியாசமே இல்லை! ரேடியோ கேட்டவர்களுக்கு இந்தப் பாதிப்பு தெரியவில்லை. 2005-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், விபத்தில் காயமடைந்து மருத்துவமனைக்கு வந்த ஓட்டுநர்களின் போன் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். விபத்துக்கு முந்தைய பத்து நிமிடத்துக்குள் போன் பயன்படுத்தியிருந்தால் விபத்து ஆபத்து சுமார் நாலு மடங்கு. அங்கேயும் ஹேண்ட்ஸ்ஃப்ரீக்கு எந்தத் தள்ளுபடியும் கிடைக்கவில்லை.

"பின்னாடி உட்கார்ந்திருக்கிறவன்கிட்ட பேசலையா?" என்று கேட்பீர்கள். அதையும் ஸ்ட்ரேயர் குழு 2008-ல் சோதித்தது. பக்கத்தில் இருப்பவருக்கும் ரோடு தெரிகிறது. நெரிசல் வந்தால் பேச்சு குறைகிறது, அல்லது பேச்சே ரோட்டைப் பற்றி மாறுகிறது. போனில் இருப்பவருக்கு நம் முன்னால் ஒரு தண்ணீர் லாரி திரும்புவது எப்படித் தெரியும்? அவர் பாட்டுக்கு "அப்புறம் சொல்லு" என்பார்.

அப்படியானால் பாட்டு மட்டும் கேட்டால் சரியா? காரில் மெதுவாக ரேடியோ ஓடுவதும், ஹெல்மெட்டுக்குள் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு கேட்பதும் ஒன்றில்லை. நான் தினமும் வருவது திருச்சி - தஞ்சாவூர் ரோடு. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை அந்த ரோட்டில் ஒரு தடவை டூவீலரில் வந்து பாருங்கள். பஸ் எப்போது இடது பக்கம் ஒடித்து நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. நம்மூரில் இண்டிகேட்டரை விட ஹாரன்தான் மொழி. லாரிக்குப் பின்னால் "சவுண்ட் ஹார்ன்" என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். பாதி பைக்கில் கண்ணாடி உள்பக்கம் திரும்பியிருக்கும், மீதியில் கண்ணாடியே இருக்காது. பின்னால் என்ன வருகிறது என்று சொல்ல மிச்சம் இருப்பது காது ஒன்றுதான்.

சின்னக் கணக்கு. நீங்கள் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், பின்னால் பஸ் 70-ல் வருகிறது. 25 மீட்டர் தள்ளி இருக்கிற பஸ் மூன்று விநாடியில் உங்களைத் தொட்டுவிடும். அந்த மூன்று விநாடியில் ஹாரன் காதில் விழ வேண்டும், அது நமக்குத்தான் என்று புரிய வேண்டும், வண்டியை ஒதுக்க வேண்டும். காற்றுச் சத்தத்தைத் தாண்டிப் பாட்டு கேட்க வால்யூமை ஏற்றி வைத்திருந்தால் முதல் படியே நடக்காது.

2018 ஏப்ரல் 26 அன்று உத்தரப் பிரதேசம் குஷிநகர் மாவட்டத்தில், கேட் இல்லாத லெவல் கிராசிங்கில் ஒரு பள்ளி வேன் மீது ரயில் மோதியது. 13 குழந்தைகள் இறந்துபோனார்கள். எச்சரிக்க நிறுத்தியிருந்த ஆள் கத்தியும் வேன் நிற்கவில்லை என்று ரயில்வே சொன்னது. ஓட்டுநர் காதில் இயர்போன் இருந்ததாக அம்மாநில முதல்வர் யோகி ஆதித்யநாத் சொன்னார். அகலப் பாதைகளில் அந்த மாதிரி ஆளில்லா கிராசிங்குகளை 2019 ஜனவரிக்குள் ஒழித்துவிட்டார்கள். இயர்போன் மட்டும் முன்பை விடப் பெருகியிருக்கிறது.

"காது கேட்காதவங்க ஓட்டலையா?"

நண்பர்கள் வைத்த வாதங்களிலேயே கனமானது இது. உண்மைதான். 2011-ல் டெல்லி உயர் நீதிமன்றம், காது கேளாதவர்களும் ஓட்டுநர் தேர்வில் தேறினால் உரிமம் பெறலாம் என்று சொன்னது. 2016-ல் மத்திய அரசும் அதையே மாநிலங்களுக்கு வலியுறுத்தியது. நியாயமான முடிவு. ஆனால் அவர்களோடு நம்மை ஒப்பிடுவது சரியா? காது இல்லை என்று தெரிந்து, வாழ்நாள் முழுக்கக் கண்ணால் அதை ஈடுகட்டப் பழகியவர் அவர். நாம் காதை நம்பி ஓட்டப் பழகிவிட்டு, நடுரோட்டில் அதை அடைத்துக்கொள்கிறோம். கண்ணாடி பார்க்கிற பழக்கமும் கிடையாது.

காசுக் கணக்கு

காமர்ஸ் மாணவன் இதைச் சொல்லாமல் போனால் எப்படி? விபத்து நஷ்டஈடு வழக்கில் அடிபட்டவரின் கவனக்குறைவும் விபத்துக்குக் காரணம் என்று நிரூபணமானால், அந்த அளவுக்குத் தொகையைக் குறைப்பார்கள். உதாரணத்துக்கு, 10 லட்சம் வர வேண்டிய இடத்தில் உங்கள் பங்கு 25 சதவீதம் என்று முடிவானால் கைக்கு வருவது 7.5 லட்சம். அதற்காக ஹெட்போன் இருந்தாலே குறைத்துவிடலாம் என்று அர்த்தமில்லை. ஒரே பைக்கில் மூன்று பேர் போன வழக்கில், விதிமீறல் மட்டும் போதாது, விபத்துக்கோ அடிபட்டதற்கோ அதுவே காரணமாக இருக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் "ஹாரன் அடித்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை" என்று பஸ் டிரைவர் சாட்சி சொன்னால்? ஆஸ்பத்திரி பில்லோடு அலைகிற அப்பா அம்மாதான் அந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டும்.

யாரைக் குறை சொல்வது?

எல்லாரும் ஜாலிக்காக மாட்டிக்கொள்வதில்லை. என் நண்பன் ஒருவன் சாயங்காலத்தில் தில்லை நகர் பக்கம் சாப்பாடு டெலிவரி செய்கிறான். செமஸ்டர் ஃபீஸ் அதில்தான் கட்டுகிறான். வழி காதில் வருகிறது. அடுத்த ஆர்டர் வருகிறது. "அண்ணா எங்க இருக்கீங்க, எவ்வளவு நேரம்?" என்று வாடிக்கையாளர் போன் வேறு. ஒவ்வொன்றுக்கும் வண்டியை ஓரம் கட்டினால் லேட் ஆகும், ரேட்டிங் போகும். அவனிடம் போய் நான் ஸ்ட்ரேயர் ஆய்வைப் படித்துக் காட்ட முடியுமா? வண்டி ஓடும்போது அவனுக்கு போன் போகாதபடி செய்ய வேண்டியது அவனை வேலை வாங்குகிற நிறுவனம். சட்டத்தைத் திருத்துகிறவர்கள் ஓட்டுகிறவன் காதைப் பார்ப்பதோடு, அந்தக் காதுக்கு போன் போடுகிறவர்களையும் பார்த்தால் நன்றாக இருக்கும்.

அந்த வரிசையில் நம் வீடும் உண்டு. காலேஜ் விட்டுப் பத்து நிமிடம் ஆனால் "எங்கடா வர்ற?" என்று அம்மா போன். நம் மேல் உள்ள அக்கறையில்தான். ஆனால் அந்த போன்தான் ரோட்டில் நம் கவனத்தைப் பிடுங்குகிறது.

என்னதான் செய்யலாம்?

1. ஓட்டும்போது அழைப்பு வேண்டவே வேண்டாம், ப்ளூடூத் ஆனாலும். அவசரம் என்றால் ஓரம் கட்டுங்கள்.

2. வழி தெரிய வேண்டுமா? கிளம்பும் முன் மேப்பை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். குரல் வழிகாட்டி கட்டாயம் தேவை என்றால் ஒரு காது போதும், சத்தம் குறைவாக.

3. டூவீலரில் பாட்டு வேண்டாம். கண்ணாடியைச் சரியாகத் திருப்பி வையுங்கள், அதற்கு ஐந்து விநாடிகூட ஆகாது.

4. யாருக்கு போன் செய்தாலும் முதல் கேள்வி "வண்டி ஓட்டிட்டு இருக்கியா?" என்று இருக்கட்டும். ஆமாம் என்றால் உடனே வைத்துவிடுங்கள். வீட்டிலும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44 சதவீதத்துக்கும் மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். நம்மை மாதிரி ஆட்கள்தான். "பிடிப்பாங்களா?" என்ற கேள்விக்குச் சட்டத்தில் இன்னும் தெளிவான பதில் வரவில்லை. பின்னால் வருகிற பஸ் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கப் போவதில்லை.

உங்கள் ஊரில் போலீஸ் ஹெட்போனுக்கு அபராதம் போடுகிறார்களா? போட்டால் எந்தப் பிரிவில்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், தெரிந்துகொள்கிறேன். பார்த்துப் போங்க மக்களே!