காந்தத்துக்கு உள்ளே பார்த்தவர்கள்



காகிதத்தின் மேல் இரும்புத்தூளைத் தூவி, அடியில் காந்தம் வைத்துத் தட்டுவோமே, நினைவிருக்கிறதா? தூள் வரிவரியாக நிற்கும். அது காந்தத்துக்கு வெளியே நடப்பது. உள்ளே பல கோடி அணுக்கள், ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். அவை எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அதற்கு உதவுவது நியூட்ரான். அதற்கு மின்னூட்டம் இல்லை. பொருளுக்குள் ஆழமாகப் புகும். ஆனால் அதுவே ஒரு குட்டிக் காந்தம் என்பதால் அணுவின் காந்தத்தை உணரும்.

1949-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் ஷல்லும் ஸ்மார்ட்டும் குளிரூட்டிய மாங்கனீசு ஆக்சைடில் ஒன்றைக் கண்டார்கள். குட்டிக் காந்தங்களில் பாதி ஒரு பக்கமும் பாதி எதிர்ப்பக்கமும் பார்த்து நின்றன. அதனால் வெளியே காந்தமே தெரிவதில்லை.

அவற்றின் ஆட்டத்தை அளக்கவும் கருவி வந்தது. கனடாவின் சாக் ரிவரில் பிராக்ஹவுஸ் அமைத்த மூன்று அச்சு நிறமாலைமானி அது. முதல் படிகம் ஒரே வேகமுள்ள நியூட்ரான்களைப் பொறுக்கித் தரும். அவை நடுவில் உள்ள பொருளில் பட்டுச் சிதறும். கடைசிப் படிகம் அவை வெளிவரும் வேகத்தைச் சொல்லும். கூடிய, குறைந்த ஆற்றலே உள்ளே நடந்த அசைவின் கணக்கு. நெல்வயலில் காற்று ஓடுவதுபோல அந்த அசைவு அணுவுக்கு அணு பரவும். 1957-இல் மேக்னடைட் என்ற இரும்புத்தாதுவில் அந்த அலையை அவர் அளந்தார்.

நம் நாட்டு பி.கே. ஐயங்கார் அங்கே போய் அவருடன் வேலை செய்தவர். திரும்பி வந்து டிராம்பேயில் இத்துறையை வளர்த்தார்.

நோபல் பரிசு 1994-இல்தான் வந்தது. அப்போது பிராக்ஹவுஸுக்கு 76 வயது, ஷல்லுக்கு 79. ஓக் ரிட்ஜில் ஷல்லுக்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கிய வோலன் 1984-லேயே காலமாகிவிட்டார். இறந்தவருக்கு நோபல் தருவதில்லை.

இதை எழுதக் காரணம் உண்டு. என் தம்பி மகள் இதே துறையில் ஆராய்ச்சி செய்கிறாள். "இன்னுமா படிக்கிறாய்? எப்போது வேலை, எப்போது கல்யாணம்?" என்று கேட்டுக் கேட்டு, சொந்தக்காரர் வீட்டுக்கு வரவே தயங்குகிறாள். உறவுகளே, அவளிடம் "என்னம்மா கண்டுபிடித்தாய்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவள் முகம் மலர்வதை நீங்களே பார்ப்பீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்