மறுபடியும் பரீட்சையா?

"அம்மா, எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள்!" கலிபோர்னியாவிலிருந்து என் பெண் அழமாட்டாக் குறையாக டெலிபோனில் சொன்னபோது, கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். செலவு குறைந்த கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, மீதியைச் சர்வகலாசாலையில் முடிப்பது அங்கே வழக்கம். அந்த இரண்டு வருஷமும் இங்கிலீஷில்தானே படித்தாள்? இப்போது போய் இது என்ன கேள்வி?

இங்கிருந்து போகுமுன் அவள் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்! சனிக்கிழமை தோறும் திண்டிவனத்தில் ரயிலேறி விழுப்புரம் போவாள். அங்கே என் அக்கா, ரிடையரான இங்கிலீஷ் டீச்சர், கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கிலும் அவளை வறுத்தெடுப்பாள். பேச்சுப் பரீட்சை கால் மணி நேரம்கூட இல்லை. அதற்கு எத்தனை மாத ரயில் சார்ஜ்! ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் 6.5 வாங்கினாள். அந்த மார்க்குக்கு ஆயுசு 2 வருஷம்தானாம். காலேஜ் மாறும் சமயத்தில் அது காலாவதி.

"பணத்தைக் கட்டி இன்னொரு தடவை எழுதட்டும்" என்றார் இவர். டாலரில் கட்டுவது யாராம்? நான் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன்.

அக்கா பதறவில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கலிபோர்னியா சர்வகலாசாலையின் விதிகளைக் கம்ப்யூட்டரில் வரி வரியாகப் படித்தாள். "அடி அசடே, பரீட்சை ஒன்றுதான் வழி என்று யார் சொன்னது? அவர்கள் ஒப்புக்கொள்ளும் இங்கிலீஷ் கட்டுரைப் பாடங்கள் இரண்டில் 'சி' கிரேடுக்குக் குறையாமல் வாங்கினாலும் போதும்."

எனக்கு உயிர் வந்தது. உடனே பெண்ணைக் கூப்பிட்டோம். "இரண்டு பாடம் முடித்துவிட்டேனே, பெரியம்மா!" என்று குதித்தாள். அக்கா விடுவாளா? "முதல் பாடம் என்ன பாடம், சொல்லு."

அங்கேதான் முடிச்சு. அது பிறமொழிக்காரர்களுக்கென்று நடத்தும் இங்கிலீஷ் வகுப்பு, கணக்கில் சேராது. "சுலபமாக இருக்கும் என்று சிநேகிதிகள் சொன்னார்கள்" என்று முணுமுணுத்தாள். வசந்த காலத் தவணைக்குள் இன்னொரு கட்டுரைப் பாடம் முடித்தாக வேண்டும்.

ஒவ்வொரு சர்வகலாசாலைக்கும் ஒரு விதி. இங்கே இங்கிலீஷ் மீடியத்தில் படித்த சர்டிபிகேட்டே சில இடங்களில் போதும். வேறு இடங்களில் அதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்கள், இரண்டாவது காலேஜின் விதியையும் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். நான் விசாரிக்கவில்லை.

இப்போது பழையபடி சனிக்கிழமைப் பாடம் நடக்கிறது. எங்களுக்குக் காலை, அவளுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி. எழுதியதை அவள் படிக்கப் படிக்க, அக்கா ஒரு காற்புள்ளிக்குக்கூடச் சண்டை பிடிக்கிறாள். மார்க்கு ஜூன் மாதம் தெரியும்.