முதலாம் கியர்

மொறிஸ் மைனர் 1000 காரின் எஞ்சின் 948 சீசீ. வலு 37 குதிரை. இதைச் சொன்னால் என்னிடம் படிக்கும் பொடியன்மார் சிரிக்கிறார்கள். அவர்களின் காக்காமார் ஓடும் 200 சீசீ மோட்டார் சைக்கிளுக்கே அதில் பாதிக்கு மேல் வலு உண்டு. மைனரின் 37 குதிரைகளோ முக்கால் தொன் இரும்பை இழுக்க வேண்டும். அதற்குமேல் நான், என் பெண்சாதி, அவவின் சாமான்கள்.

2002இல் போர்நிறுத்தம் வந்து பாதைகள் திறந்தன. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து வந்த கையோடு, ஓய்வுபெற்ற அப்போதிக்கரி ஒருவரிடம் 1959ஆம் ஆண்டு மைனர் ஒன்றை வாங்கினேன். "மச்சான், இது காரா, தையல் மெசினா?" என்று கேட்டான் பெண்சாதியின் தம்பி. சாவியைத் திருப்பினால் பெற்றோல் பம்ப் முதலில் 'டக் டக்' என்று அடித்து ஓயும். திருப்பத்தில் கதவுத் தூணிலிருந்து சின்னக் கையொன்று வெளியே நீளும். இடப்பக்கக் கை பாதியில் நின்றுவிடும். உள்ளேயிருந்து தூணில் ஒரு குத்து விடவேண்டும். அதைப் பார்ப்பதற்கென்றே எங்கள் ஒழுங்கையில் சிறுவர்கள் காத்திருப்பார்கள்.

இந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் துருக்கியின் இஸ்மிரில் பிறந்தவர். மாதிரிக் காரைப் பார்த்தவருக்கு அது ஒடுங்கலாகத் தெரிந்திருக்கிறது. நடுவால் அறுத்து, இரண்டு பாதியையும் நாலங்குலம் விலக்கிவைத்துப் பார்த்தாராம். பொனெற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த நாலங்குலத்தின் அடையாளம். 1948இல் விற்பனைக்கு வந்த கார், பத்து இலட்சம் விற்பனையான முதல் பிரித்தானியக் கார் என்று பெயரெடுத்தது. வேகத்துக்காக யாரும் அதை வாங்கியிருக்க மாட்டார்கள்.

அதன் முதலாம் கியருக்குச் சிங்க்ரோ இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறக்குவதென்றால் கிளச்சை மிதித்து நியூட்ரலில் விட்டு, எக்சிலேற்றரைச் சற்று அழுத்தி, மறுபடி கிளச்சை மிதித்துத்தான் போடவேண்டும். பிசகினால் பற்கள் கத்தும். சமவெளியில் இருக்கும் எங்களூர்க்காரனுக்கு இந்த வித்தை தேவைப்படுவதில்லை. எனக்கு 2003இல் தேவைப்பட்டது.

அந்த வருஷம் உம்மாவை மாதத்துக்கொரு தரம் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பஸ்ஸில் உம்மாவால் இருக்க முடியாது. சுபஹுத் தொழுதுவிட்டு வெளிக்கிட்டால் அம்பாறை, மகாஓயா, பதியத்தலாவை, மஹியங்கனை. அதன் பிறகு பதினெட்டு வளைவு. அப்போது அந்தப் பாதை இன்றுபோல் அகலமில்லை. இரண்டாவது வளைவிலேயே கார் முதலாம் கியருக்கு இறங்கிவிடும். மனிதன் ஓடும் வேகம்தான். லொறிக்காரன்கூட ஹோர்ன் அடித்துக்கொண்டு முந்திப் போவான்.

அங்கேதான் உம்மா கதைக்கத் தொடங்கினா.

நான் ஏழு வயதாயிருக்கையில், 1984இல், உம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவ. எங்களை மூத்தம்மா வளர்த்தா. 1990 ஆகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. மறுநாள் இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள். அடுத்த கிழமை ஏறாவூர். நாங்கள் இரவில் வீட்டில் படுக்கவில்லை. உம்மா எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று உம்மாவுக்கும் தெரியாது. திரும்பி வந்தபின் பதின்மூன்று வருஷம் அதைப்பற்றி உம்மா வாயே திறக்கவில்லை. வீட்டில் எந்நேரமும் ஆட்கள், அடுப்பு, பேரப்பிள்ளைகள்.

"கெதியான கார் வெச்சிருந்தவனெல்லாம் முதல் நாளே போய்ட்டான் மகன். நான் வேலை செஞ்ச வீட்டுக்காரரும் போய்ட்டாங்க. காரில இடமில்லையாம். எங்கள ஏத்தினது ஒரு லொறிதான். உண்ட காரப் போல, நிண்டு நிண்டு."

எஞ்சின் இரைச்சலுக்கு மேலாகச் சத்தம்போட்டுத்தான் சொன்னா. என் முகத்தைப் பார்க்கவில்லை, பாதையைப் பார்த்தபடியே சொன்னா. நானும் வளைவிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. நடுவழியில் ரேடியேற்றர் கொதிக்கும். ஓரங்கட்டி, ஆறவைத்து, தண்ணீர் விடுவேன். கார் நின்றால் கதையும் நின்றுவிடும். திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் விட்ட இடத்திலிருந்து தொடங்குவா. ஹுன்னஸ்கிரியவுக்குக் கிட்ட ஏற்றம் குறைந்து மூன்றாம் கியர் விழுந்ததும் பேச்சு வேறு பக்கம் போய்விடும்: மடவளையில் நாங்கள் இரவு தங்கும் வீட்டுக்கு என்ன வாங்கிப் போவது, கிளினிக் நம்பர் எத்தனையாவது கிடைக்கும்.

ஏழு பயணம். ஜோர்தான் எல்லைக் கூடாரத்தில் யாரோ ஒருவரின் ட்ரான்சிஸ்டரில் 'ஏறாவூர்' என்ற பெயர் மட்டும் கேட்டு, அதற்குப் பிறகு பேட்டரி தீர்ந்துபோனதுவரை சொன்னா. நோன்புக்கு முன் மவுத்தாயிட்டா. கதை அந்தக் கூடாரத்தோடு நிற்கிறது.

மைனரை 2009இல் கொழும்பில் கல்யாணங்களுக்குக் கார் விடுகிற ஒருவர் வாங்கினார். ஒரு சுற்று ஓடிப்பார்த்துவிட்டு, "இழுவை இல்லை சேர்" என்று ஐயாயிரம் குறைத்தார். அது உண்மைதான், கொடுத்துவிட்டேன்.

பிறகு வாங்கிய மாருதி 800ஐத்தான் இன்றும் ஓடுகிறேன். 796 சீசீ, மூன்று சிலிண்டர். வலு ஏறத்தாழ அதே 37! பாரம் குறைவு என்பதால் மலையில் கொஞ்சம் சுகம். ஆனாலும் ஏற்றத்தில் ஏசியை நிறுத்தவேண்டும். 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாகி, கியூஆர் முறையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று வந்தபோது, பெரிய வாகனங்கள் முற்றத்தில் தூங்க, இதுதான் ஊரில் பாதிப்பேரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றியிறக்கியது. 2020இல் வாகன இறக்குமதி நின்றபின் விலையும் ஏறிவிட்டது. வாங்கியதைவிடக் கூடத் தருகிறோம் என்று தரகர்கள் கேட்டு வந்தார்கள். 2025இல் இறக்குமதி திறந்ததும், இதை விற்று லீசிங்கில் புதிதாக ஒன்று எடுக்கலாமே என்கிறான் மகன்.

அவன் சொல்வதும் நியாயம்தான். போன மாதம் கண்டிக்குப் போகையில் பின்னால் ஒரு வான்காரன் விடாமல் ஹோர்ன் அடித்தான். இடப்பக்கம் ஒதுங்கி, போகவிட்டேன்.