'மை ஹாபி இஸ்...' - ஜப்பானியர்களிடம் நான் கேட்ட மூன்றாவது வாக்கியம்!

புதிதாக ஒருவரைச் சந்தித்தால் நாம் என்ன கேட்போம்? "எந்த ஊரு?", "என்ன பண்றீங்க?" கொஞ்சம் பழகிவிட்டால், "கல்யாணம் ஆகிடுச்சா?" இன்னும் பழகிவிட்டால், "சம்பளம் எவ்வளவு வரும்?" இந்த வரிசையில், "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்ற கேள்வி கடைசி வரை வராது. பெண் பார்க்கப் போகும் இடத்தில்கூட, "பாடத் தெரியுமா?" என்றுதான் கேட்பார்கள். பாடப் பிடிக்குமா என்று யாரும் கேட்பதில்லை.

ஜப்பானியர்களிடம் இந்தக் கேள்விக்குக் கிட்டத்தட்ட மூன்றாவது இடம். பெயர், ஊர், ஹாபி. அதன் பிறகுதான் மற்றதெல்லாம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எட்டு மாதங்களாக சனிக்கிழமைதோறும் காதால் கேட்கிறேன். ஜப்பானிய மொழி கற்றுக்கொள்ளும் நாங்கள் மூன்று பேர் இந்தப் பக்கம். இங்கிலீஷ் கற்றுக்கொள்ளும் ஆறேழு ஜப்பானியர்கள் அந்தப் பக்கம். நமக்கு மாலை நாலரை மணி, அவர்களுக்கு இரவு எட்டு. வீடியோ காலில் அரை மணி நேரம் இங்கிலீஷ், அரை மணி நேரம் ஜப்பானிய மொழி. யாராவது புதிதாக வந்தால் எல்லோரும் முதலிலிருந்து அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். அதனால் 'மை நேம் இஸ்... ஐ லிவ் இன்... மை ஹாபி இஸ்...' என்ற மூன்று வாக்கியங்களையும் எத்தனையோ முறை கேட்டாயிற்று. இன்னும் அலுக்கவில்லை!

ஏப்ரல் மாதத்து அறிமுகம்

இப்படி அறிமுகம் செய்துகொள்வதற்கு ஜப்பானில் 'ஜிகோஷோகாய்' என்று பெயர். அங்கே பள்ளிக்கூடம் ஏப்ரலில் தொடங்கும். புது வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து பெயர் சொல்லி, பிடித்த விஷயம் சொல்லி உட்கார வேண்டும். வேலைக்குச் சேரும் புதியவர்களும் பெரும்பாலும் அதே ஏப்ரலில்தான் சேர்கிறார்கள். அங்கேயும் இதே அறிமுகம்தான். கடைகளில் விற்கும் பயோடேட்டா படிவத்தில் ஹாபிக்கென்றே ஒரு கட்டம் உண்டு. பெரியவர்கள் ஏற்பாடு செய்யும் பெண் பார்க்கும் சந்திப்பில், "கோஷுமி வா?" (உங்கள் ஹாபி என்ன?) என்பது சினிமாக்களில் கிண்டலடிக்கும் அளவுக்குப் பழகிப்போன முதல் கேள்வி.

ஹாபிக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை 'ஷுமி'. இரண்டு எழுத்துகளால் ஆன சொல். அதில் இரண்டாவது எழுத்து, சாப்பாட்டின் சுவையைச் சொல்லும் அதே எழுத்து. இது தெரிந்த அன்று, நம் வார்த்தையை நினைத்துப் பார்த்தேன். 'பொழுதுபோக்கு.' வேறு வேலை இல்லாதபோது பொழுதைத் தள்ளுவதற்கு ஒன்று. அவர்களுடைய வார்த்தையில் சுவை இருக்கிறது. நம்முடைய வார்த்தையில் கடிகாரம் இருக்கிறது.

மூன்று மேன்ஷன்கள்

எங்கள் குழுவில் ஒரு நிறுவனத்தில் கணக்கு பார்க்கும் பெண் இருக்கிறார். முதல் நாள் அறிமுகத்தில், "ஐ லிவ் இன் மேன்ஷன்" என்றார். இங்கிலீஷ் புத்தகத்தின்படி அது மாளிகை. ஆனால், ஜப்பானில் 'மான்ஷொன்' என்றால் சாதாரண அடுக்குமாடிக் குடியிருப்பு. "நானும் மேன்ஷன்லதான் இருக்கேன்" என்றேன். திருவல்லிக்கேணியில் ஓர் அறை, இரண்டு கட்டில்கள், மாடியில் துணி காயப்போடும் கயிறு என்று அறையைச் சுற்றிக் காட்டியதும் அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ஒரே இங்கிலீஷ் வார்த்தைக்கு மூன்று விதமான வீடுகள்.

உச்சரிப்பிலும் அவர்களுக்கும் நமக்கும் ஒற்றுமை உண்டு. மெய்யெழுத்தில் ஒரு வார்த்தையை முடிப்பது ஜப்பானியர்களுக்கு சிரமம். அதனால் பஸ் 'பாசு' ஆகும், மில்க் 'மிருகு' ஆகும், ஐஸ்கிரீம் 'ஐசுகுரீமு' ஆகும். நாம் 'பஸ்ஸு', 'லைட்டு', 'பேங்கு' என்று சொல்கிறோமே, அந்த 'உ'தான். நாக்குக்கு அது ஒரு கைத்தடி.

வாக்கிய அமைப்பிலும் நாம் பக்கத்து வீடு. 'வதாஷி வா தென்ஷா தே இகிமாசு' என்ற வாக்கியத்தை வார்த்தை மாற்றாமல் அப்படியே வைத்தால், 'நான் ரயில்-இல் போகிறேன்'. இரண்டு மொழியிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். இங்கிலீஷில் அதைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டும். ஒரு ஜப்பானியர் 'மை ஹாபி இஸ்...' என்று சொல்லிவிட்டு நிறுத்தும்போது, அவர் தலைக்குள் ஒரு வாக்கியம் தலைகீழாகப் புரண்டுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கிராமத்துப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வந்த யாருக்கும் அந்த நிறுத்தம் தெரியும்.

அதனால் எங்கள் குழுவில் ஒரே ஒரு விதி. யாரும் அடுத்தவர் வாக்கியத்தை முடித்துவைக்கக் கூடாது. எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருக்க வேண்டும். முதலில் எனக்கு இது பெரிய இம்சையாக இருந்தது. டிஜிட்டல் டெஸ்க்கில் பத்து நிமிடத்துக்கு ஒரு செய்தி ஏற்றுகிறவனுக்கு இருபது விநாடி மௌனம் என்பது ஒரு யுகம்!

அறுபதுக்கு மேல் ஏ, பி, சி, டி

குழுவில் பாதிப் பேருக்கு மேல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஜப்பானில் 65 வயதைத் தாண்டியவர்கள் மக்கள்தொகையில் சுமார் 29 சதவிகிதம் என்பதால் அதில் ஆச்சர்யம் இல்லை. எனக்கு ஆச்சர்யமாக இருந்தது வேறு. "எதுக்கு இங்கிலீஷ் படிக்கிறீங்க?" என்று ஒரு பாட்டியிடம் கேட்டேன். "இங்கிலீஷ் இஸ் மை ஹாபி" என்றார். வேலைக்கு இல்லை, விசாவுக்கு இல்லை, வெளிநாட்டில் பேரன் பேத்தியும் இல்லை. சும்மா, பிடித்திருக்கிறது.

இதற்கு அங்கே ஒரு பழைய கதை உண்டு. 1945-ல் போர் முடிந்த சில வாரங்களிலேயே, அமெரிக்கர்களுடன் பேசுவதற்கான 32 பக்கக் குட்டிப் புத்தகம் ஒன்று வெளியாகி, சுமார் 36 லட்சம் பிரதிகள் விற்றது. 1946 பிப்ரவரியில் என்.ஹெச்.கே வானொலியில் தடாய்ச்சி ஹிராகாவா நடத்திய 'கம் கம் இங்கிலீஷ்' நிகழ்ச்சி தொடங்கியது. ஜப்பானியக் குழந்தைப் பாட்டு ஒன்றின் மெட்டில் ஆரம்பிக்கும் அந்த நிகழ்ச்சிக்காக, குண்டு விழுந்த ஊர்களில் குடும்பம் குடும்பமாக வானொலி முன்னால் உட்கார்ந்தார்கள். இன்றும் என்.ஹெச்.கே-யின் வானொலி இங்கிலீஷ் பாடங்களுக்கு மாதாமாதம் பாடப்புத்தகம் புத்தகக் கடைக்கு வருகிறது. பள்ளிக்கூடத்தில் 5, 6-ம் வகுப்புகளுக்கு இங்கிலீஷ் முறையான பாடமானது 2020-ல்தான்.

நமக்கு இங்கிலீஷ் என்றால் இன்டர்வியூ, மார்க், மரியாதை. தப்பாகப் பேசினால் மானம் போகும். அதைப் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல தினமும் கொஞ்சம் படிக்கலாம் என்பது, எனக்கு அந்தப் பாட்டி சொல்லித்தான் தெரிந்தது.

எல்லோரும் இப்படி மலர்ச்சியாகச் சொல்வார்கள் என்று நினைக்க வேண்டாம். "மை ஹாபி இஸ் ஸ்லீப்பிங்" என்று சொல்லும் ஓர் இளைஞர் இருக்கிறார். முதலில் ஜோக் என்று நினைத்தேன். வேலை முடிந்து கடைசி ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போகிறவர் என்று பிறகுதான் தெரிந்தது. ஹாபி இல்லாதவர்களைக் குறிக்க அங்கே 'முஷுமி' என்று ஒரு வார்த்தையே இருக்கிறது. எல்லோரிடமும் கேட்கப்படும் கேள்வி என்றால், பதில் இல்லாதவருக்கு அது ஒரு சுமையும்தான்.

சும்மா ரயிலில் போகிறவர்

இவர்களில் என் மனதில் நின்றவர் எழுபதைத் தாண்டிய ஒரு தாத்தா. அவர் அறிமுகம் எப்போதும் ஒன்றேதான். "மை ஹாபி இஸ் ரைடிங் ட்ரெயின்." பிறகு நீண்ட நிறுத்தம். பிறகு, "நாட் கோ சம்வேர். ஒன்லி ரைடிங்."

எங்கேயும் போவதற்கு இல்லை. ரயிலில் போவதற்காகவே ரயிலில் போவது!

ஜப்பானில் ரயில் ரசிகர்களுக்குள் பல பிரிவுகள். ரயிலைப் படம் எடுப்பவர்கள் 'தோரிதெட்சு'. ரயில் சத்தத்தைப் பதிவு செய்பவர்கள் 'ஒத்தோதெட்சு'. வெறுமனே பயணம் செய்வதில் சந்தோஷப்படுபவர்கள் 'நோரிதெட்சு'. தாத்தா மூன்றாவது ரகம். அவருக்குப் பிடித்தது 1982-ல் அறிமுகமான 'செய்ஷுன் ஜூஹாச்சி' டிக்கெட். 'இளமை 18' என்று அர்த்தம். பள்ளி விடுமுறைக் காலங்களில் விற்பார்கள். புல்லட் ரயிலில் ஏற முடியாது, சாதாரண ரயிலில்தான் போக முடியும். பெயரில்தான் 18. வயது வரம்பு கிடையாது. "ஐ ஆம் ஆல்சோ எய்ட்டீன்" என்று அவர் சொல்லும்போது எல்லோரும் கை தட்டுவோம்.

அவரிடம் யாரும், "இந்த வயசுல எதுக்கு இப்படி அலையறீங்க?" என்று கேட்டதில்லை. "எந்த ரூட்? ஜன்னலில் கடல் தெரியுமா?" என்றுதான் கேட்பார்கள்.

அம்மாவின் பதில்

போன மாதம் புளியங்குடியில் வீட்டுக்குப் போயிருந்தபோது, பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். "அம்மா, உனக்கு ஹாபி என்ன?"

"என்ன கேள்விய்யா இது? பொழுதே பத்த மாட்டேங்குது, இதுல பொழுதுபோக்கு வேறயா?"

வழக்கமாக இங்கே பேச்சு முடிந்துவிடும். ஆனால், எனக்கு சனிக்கிழமைப் பழக்கம். காத்திருந்தேன். இரண்டு பூண்டு உரியும் நேரம். அம்மா தலை நிமிராமலேயே சொன்னாள்.

"பஸ்ல ஜன்னலோரமா உக்காந்து போறது புடிக்கும். முன்னாடி தென்காசி ஆஸ்பத்திரிக்கு உங்க ஆச்சியக் கூட்டிட்டுப் போவேன்ல... அப்போ வழி நெடுக மலை கூடவே வரும். ஆச்சி தூங்கிருவாங்க. நான் பாத்துக்கிட்டே போவேன். ஆச்சி போனதுக்கப்புறம் போகல."

ஆச்சி இறந்து ஒன்பது வருடங்கள் ஆகின்றன.

"இப்பதான் 2021-லருந்து டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டே இல்லையேம்மா. ஒரு நாள் போயிட்டு வர்றதுதானே?"

"எங்க போறேன்னு கேட்டா என்ன சொல்ல? சும்மா போறேன்னு சொன்னா ஊரு சிரிக்காது?"

அம்மாவுக்கு நேரம்கூடக் கிடைக்கும். காசும் வேண்டாம். கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு காரணம்தான் இல்லை. கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி என்று ஏதாவது ஒன்று இருந்தால்தான் நம் வீட்டுப் பெண்கள் வாசல் தாண்ட முடிகிறது. ஆச்சியின் வைத்தியம் நின்றதோடு அம்மாவின் மலையும் நின்றுபோனது.

தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். இளமை 18 டிக்கெட், சாதாரண ரயில், எங்கேயும் இறங்காமல் ஜன்னலில் பார்த்துக்கொண்டே போவது எல்லாவற்றையும் சொன்னேன். "அதுக்கு அங்க ஒரு பேரே இருக்கும்மா. நோரிதெட்சு."

"பேரு வேற வச்சிருக்காங்களா?" என்று சிரித்தாள். "அப்போ அங்க பைத்தியம்னு சொல்ல மாட்டாங்க, என்ன?"

அடுத்த வியாழக்கிழமை மதியம் அம்மாவிடமிருந்து போன். பின்னால் கண்டக்டர் விசில் சத்தம். "பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிட்டு வந்துட்டேன். ரெண்டு பேர்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கல்ல" என்றாள். மழை பெய்திருந்ததாம். மலை பச்சையாக இருந்ததாம்.

இதை சனிக்கிழமை குழுவில் சொன்னபோது தாத்தா கொஞ்ச நேரம் யோசித்தார். விதிப்படி எல்லோரும் காத்திருந்தோம். "யுவர் மதர்... விச் சைட் சீட்?" என்று கேட்டார். போகும்போது வலதுபக்கம், அந்தப் பக்கம்தான் மலை தெரியும் என்றேன். குறித்துக்கொண்டார்!

ஜப்பானியர்கள் அறிமுகத்தை, 'யொரோஷிகு ஒனெகாய்ஷிமாசு' என்று சொல்லித்தான் முடிப்பார்கள். இதற்கு நேரான இங்கிலீஷ் கிடைக்காமல், "ப்ளீஸ் பி நைஸ் டு மீ" என்று தடுமாறுவார்கள். தமிழில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. "இனி நம்மளக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றால் போதும்.

இன்று இரவு சாப்பிடும்போது உங்கள் வீட்டில் இருப்பவர்களிடம், "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். "எனக்கென்ன பிடிக்கும், எல்லாம் ஒண்ணுதான்" என்பார்கள். அது பதில் இல்லை. நடுவில் பேசாமல், போனை எடுக்காமல், இரண்டு பூண்டு உரியும் நேரம் மட்டும் காத்திருங்கள்.