சாயலும் சாறும்

செவ்வந்திக் குடும்பத்தில் பூ என்று நாம் கிள்ளி எடுப்பது ஒரு பூக்கூட்டம். ஓரத்தில் இதழென்று தோன்றும் ஒவ்வொன்றும் தனிப் பூ. நடுவில் பொட்டாகத் தெரிவது நெருக்கி அடுக்கிய குழல் பூக்கள். உலகில் 30,000-க்கு மேற்பட்ட இனங்கள் இந்த ஒரே அமைப்பைச் சிறிது சிறிது மாற்றிக்கொண்டு ஜீவிக்கின்றன. ஆகவே இந்தக் குடும்பத்தில் 'பார்க்க அதைப் போலிருக்கிறது' என்பது ஒரு தகவலாகாது. எல்லாமே எதையாவது போலத்தான் இருக்கின்றன.

உத்தரகோசமங்கையில் ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் வெள்ளையாக இரண்டு பூக்கள் தலைகாட்டும். கண்மாய்க் கரைச் சேற்றிலும் வரப்பிலும் கரிசலாங்கண்ணி. மதிலோரத்திலும் ரோட்டோரத்திலும் ஈரம் போன மண்ணிலும் வெட்டுக்காயப் பூண்டு. பையன்களுக்கு அது தாத்தாப்பூ. நின்று பார்த்தால் இரண்டும் வெள்ளை. குனிந்து பார்த்தால் கரிசலாங்கண்ணியின் ஓரப் பூக்கள் நூல் நூலாக, எண்ணச் சலிப்பவை, நடுவும் வெளுப்பு, இலைக்கக்கத்தில் குட்டைக் காம்பு. தாத்தாப்பூவிலோ ஓரப் பூக்கள் பெரும்பாலும் ஐந்தே, ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல், நடு மஞ்சள், ஒரு சாண் காம்பின் உச்சியில் தனியாக ஆடும். அதன் விதைக்கு இறகுமுடி உண்டு, காற்றில் போகும். கரிசலாங்கண்ணி விதைக்கு அந்த முடி இல்லை. லின்னேயஸ் 1771இல் வைத்த எக்லிப்டா என்ற பேரினப் பெயருக்கே கிரேக்கத்தில் 'குறைபட்டது' என்று அர்த்தம். இல்லாத ஒன்றைக் கவனித்து வைத்த பெயர் அது. அதே லின்னேயஸ் 1753இல் இந்தச் செடியை இரண்டு இனங்களாக, இரண்டு பெயர்களில் பதிவு செய்திருக்கிறார். பின்னால் வந்தவர்கள் இரண்டும் ஒன்றென்று சேர்த்தார்கள். பிரிப்பதைப் போலவே சேர்ப்பதும் உழைப்புதான்.

கண்மாய்க் கரையில் கீரை பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் இரண்டையும் நீட்டி, "ஆத்தா, இதுல எது கரிசலாங்கண்ணி?" என்றேன். அவள் பூக்களைப் பார்க்கவே இல்லை.

"பூவப் பாத்து ஏமாந்துராதீக தம்பி. கசக்குங்க. கை கறுக்கணும்."

கசக்கினால் கரிசலாங்கண்ணியின் சாறு காற்றுப்பட்டுக் கரும்பச்சையாகி விரலில் ஏறுகிறது. இந்தச் சாற்றில் துணியை நனைத்து உலர்த்தித் திரியாக்கி எரித்துத்தான் வீடுகளில் கண்மை கூட்டினார்கள். தாத்தாப்பூ இலை இப்படிக் கறுப்பதில்லை.

"மஞ்சள் கரிசலாங்கண்ணி?"

"அது இங்கிட்டு ஏது? கடைக்காரவுக கொண்டாந்தாத்தான்."

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. மஞ்சள் என்று சொல்லப்படுவது கரிசலாங்கண்ணியின் நிறபேதம் என்று பலர் நம்புகிறார்கள். அது வேறு பேரினம். முன்பு வெடீலியா, 1996 முதல் ஸ்பாக்னெட்டிகோலா. ஈரம் வற்றாத இடங்களுக்குரிய ஆசியச் செடி. அதே பேரினத்தில் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட உறவு ஒன்று உண்டு. பூங்காவிலும் வீட்டு முகப்பிலும் தரையை மூடிப் படர்கிறது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர்கள் தொகுத்த பட்டியலில் அதுவும் இருக்கிறது. மஞ்சள் பூ, படர்கொடி என்ற இரண்டு அடையாளம் போதுமென்று அதைப் பறித்து மருந்தாக அரைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வள்ளலார் 19-ஆம் நூற்றாண்டில் உயர்த்திச் சொன்ன கீரையின் கௌரவம், பெயரைப் பிடித்துக்கொண்டு, கடல் கடந்து வந்த ஒரு அலங்காரச் செடிக்குப் போய்ச் சேருகிறது. சாப்பிடுகிறவனின் வயிற்றுக்குப் பெயர் தெரியாது.

பாங்கில் கையெழுத்து ஒப்பிடுகிற எவருக்கும் ஒன்று தெரியும். நிஜக் கையெழுத்து தடவைக்குத் தடவை கொஞ்சம் மாறும். மாதிரியை அச்சாக ஒத்திருப்பதுதான் சந்தேகத்துக்குரியது. நம்முடைய விமர்சனம் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. இருண்மை, எளிமை, நகரம், மண்வாசனை என்று நிறம் பார்த்துக் கட்டு கட்டுகிறோம். ஒரு கட்டுக்குள் வந்துவிட்ட கவிதைக்கு அந்தக் கட்டின் கௌரவம் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. கசக்கிப் பார்ப்பதில்லை. பார்க்கச் சொன்னால் ரசனைக் குறைவு என்கிறார்கள்.

அந்த அம்மாளின் பரீட்சையைப் போற்றிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அது அவள் கண்மாயில் முளைப்பவற்றுக்கான பரீட்சை. மஞ்சளுக்கு அவளிடம் எதுவும் இல்லை. அவள் பாட்டியிடமும் இருந்திருக்காது. பரம்பரை ஞானம் முடிகிற அந்த இடத்தில் புதிதாக யாராவது குனிந்தாக வேண்டும். நாட்டுச் செடியின் இலை நீண்டு ஒடுங்கியது, விளிம்பில் பல் இருந்தாலும் ஒன்றிரண்டுதான். வந்த செடியின் இலை அகன்று பளபளப்பது, பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிவது. பூ ஏறத்தாழ ஒன்றே. இலையைப் பார்க்க அரை நிமிஷம் ஆகும்.